தொட்டுத் தேடும் அணுக்கள்

சேர்வராயன் மலையின் மரங்களைப் பற்றிக்கொண்டு வளர்கிற ஆர்க்கிட் செடிகளின் காய் முற்றி வெடிக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? உள்ளேயிருந்து மெல்லிய தூசு கிளம்பும். அந்தத் தூசுதான் விதை. ஒரே காயில் ஆயிரமாயிரமாய் இருக்கும். சில இனங்களில் லட்சங்களைத் தாண்டும். நெல்லிலும் அவரையிலும் முளைக்குத் துணையாக இருக்கும் உணவு இதற்குள் கிடையாது. காட்டில் தகுந்த பூஞ்சை வந்து ஊட்டினால் பிழைக்கும். இல்லையேல் காற்றோடு போகும். 1922-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன், சர்க்கரை சேர்த்த அகர் கூழின்மேல் இதைத் தூவி, பூஞ்சையின் தயவே இல்லாமல் முளைக்க வைத்துக் காட்டினார். முதலில் இலை வராது, வேரும் வராது. பச்சை உருண்டை ஒன்று மெல்லத் திரளும். முழுச் செடிக்கான ஒழுங்கு அத்தனையும் அந்த உருண்டைக்குள் அடங்கிக் கிடக்கும். 1963 முதல் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் நடத்திவரும் ஆர்க்கிட் தோட்டத்துக்குள் நுழைகிறவர்கள் பூக்களைத் தேடித்தான் போகிறார்கள். எனக்கென்னவோ பூவைவிட அந்த உருண்டைமீதுதான் மையல்.

அதே மையலோடு பார்க்க வேண்டிய இன்னோர் உருண்டை உண்டு. அதுவும் கூழுக்குள் வளர்வதுதான். நோயாளியின் குடலிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ எடுத்த புற்றுக்கட்டியின் துணுக்கு, உடலுக்கு வெளியே தட்டில் உயிர்பிடித்து, தன்னைத்தானே கூட்டிக்கொண்டு திரண்ட குட்டிக் கட்டி. ஆய்வுக்கூடங்களில் அதை ஆர்கனாய்டு என்கிறார்கள். அதன் பக்கத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களை விட்டு, அவை என்ன செய்கின்றன என்று நுண்ணோக்கி வழியே இரவு பகலாகப் பார்க்கிறார்கள். புற்றில் என்ன நயம் என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்த நோயின் கொடுமையை அறிந்த கைகள்தான் இத்தனை பொறுமையாக அதற்கு வடிவம் கொடுக்கின்றன. அந்தக் கைகளின் பக்குவத்திலிருந்தே தொடங்குவோம்.

அறுவை அரங்கிலிருந்து திசு பனிக்கட்டிமேல் வைத்து வந்து சேர்கிறது. கூரிய கத்தியால் அதைப் பொடிப்பொடியாக அரிகிறார்கள். அணுக்களை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும் புரதக் கயிறுகளைக் கரைக்கும் நொதியில் ஊறவைக்கிறார்கள். அவசரப்பட்டால் கட்டு விடாது; அசந்தால் அணுக்களே சேதமாகிவிடும். பிறகு வடிகட்டி, சுழற்றி, அடியில் தங்கிய சிறு படிவை மட்டும் எடுத்து மேட்ரிஜெல் என்கிற கூழில் கலக்கிறார்கள். இந்தக் கூழின் குணமே தனி. மார்கழியில் ஏற்காட்டு வீடுகளில் நெய்யைக் கரண்டியால் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அடுப்பருகே வைத்தால்தான் இளகும் அல்லவா? மேட்ரிஜெல் நேர்மாறு. பனிக்கட்டியின் குளிர்ச்சியில் நீராக ஓடும்; உடம்புச் சூடு பட்டதும் இறுகிவிடும். ஆகவே கலக்குகிறவர் பிப்பெட்டின் நுனியைக்கூட முன்கூட்டியே குளிர வைத்திருப்பார். குமிழி வரக்கூடாது, கை நடுங்கக்கூடாது, நின்று யோசிக்கக்கூடாது. தட்டின் குழிக்குள் துளித்துளியாக வைத்ததும் ஒவ்வொரு துளியும் கண்ணாடி முத்தாகக் குவிந்து நிற்கும்.

இப்போதுதான் எனக்கு மிகப் பிடித்த அசைவு வருகிறது. துளிகளை வைத்து முடித்தவுடன் தட்டை அப்படியே தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள்! முதல்முறை பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். துளி விழாது, பரப்பைப் பற்றிக்கொண்டு தொங்கும். நிமிர்த்தி வைத்தால் அணுக்கள் மெல்லக் கீழிறங்கித் தட்டின் தரையில் படிந்து, அங்கேயே பரந்து, தட்டையாக வளர ஆரம்பித்துவிடும். கவிழ்த்து வைத்தால் அவை தரையை மறந்து துளியின் நடுவெளியிலேயே தங்கும். அதற்குள் கூழ் இறுகிவிடும். இருபது முப்பது நிமிடம் 37 டிகிரிச் சூட்டில் அப்படி இருந்தபின் நிமிர்த்தி, ஊட்டநீரைச் சுவரோரமாக வழியவிட்டு நிரப்புகிறார்கள். தலைகீழாகத் தொங்கிய அந்தச் சில நிமிடங்களில்தான் மூன்று பரிமாணம் பிறக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் பெரிதாக எழுதமாட்டார்கள். கைப்பழக்கமாக ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு, அக்காவிடமிருந்து தங்கைக்குப் போவதுபோலப் போய்ச் சேர்ந்த நுணுக்கம் இது.

இந்தக் கூழ் எங்கிருந்து வருகிறது தெரியுமா? எலிக்கு வந்த ஒரு புற்றுக்கட்டியிலிருந்து. எங்கல்பிரெத்-ஹோல்ம், ஸ்வார்ம் என்ற இருவரின் பெயரால் அழைக்கப்படும் அந்தக் கட்டி, அணுக்களுக்கு மெத்தையாகும் லாமினின், கொலாஜன் போன்ற புரதங்களை அளவுக்கு மீறிச் சுரக்கும். அதைப் பிரித்தெடுத்துத்தான் உலகத்து ஆர்கனாய்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் படுக்கை விரிக்கிறார்கள். புற்றை ஆராயப் புற்றே தந்த மெத்தை. ஒவ்வொரு தயாரிப்பிலும் அதன் சேர்மானம் கொஞ்சம் மாறுகிறது என்று ஆய்வாளர்கள் அலுத்துக்கொள்வார்கள். அலுப்பு நியாயமானதுதான். இருந்தாலும் அதற்கு மாற்றாகச் செயற்கைக் கூழ் செய்ய எத்தனையோ பேர் முயன்றும் இதன் மவுசு இன்னும் குறையவில்லை.

இனி உருண்டையின் உருவத்தை ரசிப்போம். பிரிந்த அணுக்கள் தாமே கூடும் என்ற வியப்பு நூறாண்டுக்கு மேல் பழையது. 1907-இல் எச். வி. வில்சன் கடற்பஞ்சு ஒன்றைப் பட்டுத் துணிவழியே பிழிந்து தனித்தனி அணுக்களாக்கினார். அவை நீருக்குள் ஊர்ந்து, ஒன்றையொன்று கண்டுபிடித்து, மீண்டும் கடற்பஞ்சாகக் கூடின. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2009-இல், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸின் கூடத்தில் தோஷிரோ சாதோ எலிக் குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லைக் கூழில் வைத்தார். அது பெருகி, நடுவில் வெற்றிடம் விட்டு, சுற்றிலும் மொட்டுகள் விட்டு, குட்டிக் குடலாகவே வளர்ந்தது. ஒவ்வொரு மொட்டின் நுனியிலும் ஸ்டெம் செல்லும் அதைப் பேணும் பானெத் அணுவும் மாறிமாறி அமர்ந்திருக்கும், உண்மைக் குடலின் குழிகளில் அமர்ந்திருப்பதைப் போலவே. முதுமையடைந்த அணுக்கள் நடு வெற்றிடத்துக்குள் உதிரும். யாரும் வரைபடம் கொடுக்கவில்லை. மூன்று நான்கு வளர்ச்சிக் காரணிகளும் கூழும்தான் கொடுத்தார்கள்.

இந்த மொட்டுகளை நன்றாகக் கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏனென்றால் குடல் புற்றின் தொடக்கத்தில் பழுதாகும் ஏ.பி.சி. என்ற மரபணு இல்லாமல் போனால் மொட்டுகள் மறைந்துவிடுகின்றன. வளர்வது வழவழப்பான வெறும் உருண்டை. நல்ல திசு வளர வெளியிலிருந்து கொடுக்கும் 'விண்ட்' என்னும் சமிக்ஞை இதற்குத் தேவையே இல்லை. அந்தச் சமிக்ஞையை ஊட்டநீரிலிருந்து நிறுத்திப் பாருங்கள்: நல்ல அணுக்கள் சோர்ந்து விழும், புற்று உருண்டை மட்டும் தளராமல் நிற்கும். ஆய்வாளர்கள் இதையே சல்லடையாக வைத்துப் புற்றைத் தனியே பிரிக்கிறார்கள். பார்வைக்கு எது அழகு என்று கேட்டால் முழு வட்டமாக மினுங்கும் புற்று உருண்டைதான் முதலில் கண்ணைப் பறிக்கும். ஆனால் கொஞ்ச நேரம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மனம் மாறிவிடும். மொட்டு விட்டதில் எங்கே வளைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற அடக்கம் தெரியும். வட்டத்தில் நிறுத்தத் தெரியாத வேகம் தெரியும்.

நமக்குப் பக்கத்திலேயே, ஏற்காட்டிலிருந்து ஒரு பகல் பயணத் தூரத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராம்ரே பட்டின் குழு சினைப்பைப் புற்றின் உருண்டைகளை இதே காதலோடு பார்த்திருக்கிறது. அந்தப் புற்று வயிற்றறையின் நீரில் சிறு திரள்களாக மிதந்து பரவும். திரள்களில் இரண்டு சாயல் உண்டு என்று 2021-இல் வந்த அவர்களின் கட்டுரை காட்டியது. ஒன்று மேடும் பள்ளமுமாக அணுக்கள் பிதுங்கி நிற்கும் கரடான குவியல். மற்றொன்று அதிலிருந்து முதிர்வது: மேல்பரப்பு இழைத்தெடுத்தாற்போல் வழவழப்பு, உள்ளே தெளிந்த வெற்றிடம், சுற்றிலும் அணுக்கள் தாமே நெய்து போர்த்திக்கொண்ட புரதப் போர்வை. அந்தப் போர்வையை நொதியால் கரைத்தால் வழவழப்பான உருண்டை மறுபடி கரடான குவியலாகக் குலைகிறது. பின்பு திரும்பக் கூடுகிறது. குலைந்தும் கூடியும் காட்டும் இந்த நெகிழ்ச்சியில்தான் அந்த நோயின் பிடிவாதமும் இருக்கிறது.

நிறத்தைச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. ஊட்டநீரில் ஃபீனால் ரெட் என்ற சாயம் கலந்திருக்கும். புதிதாக ஊற்றியபோது இளஞ்சிவப்பு. அணுக்கள் உண்டு, மூச்சுவிட்டு, அமிலம் சேரச் சேர ஆரஞ்சாகி மஞ்சளுக்குத் திரும்பும். காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் தட்டின் நிறத்தைப் பார்த்தே, 'பசியோடு இருக்குதுங்க' என்று சொல்லிவிடுவார்கள் அனுபவசாலிகள்.

உருண்டை ஆயிற்று. அடுத்து, அதைத் தேடி வரவேண்டியவர்கள்.

டி செல் என்கிற வெள்ளணு நம் இரத்தத்தில் இயல்பாகவே உலவுவது. அதை வெளியே எடுத்து, புற்றணுவின் மேலுள்ள அடையாளத்தை நேராகப் பற்றும் புதிய கொக்கி ஒன்றை மரபணு வழியே பொருத்தி, பெருக்கி, மீண்டும் நோயாளிக்கே ஏற்றுவதுதான் கார்-டி செல் சிகிச்சை. 1989-இல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் செலிக் எஷ்ஹாரின் குழு அந்தக் கொக்கியின் முதல் வடிவத்தைச் செய்தது. இன்று கையாளும் கொக்கியின் அமைப்பில் என்ன கச்சிதம்! வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எதிர்ப்புரதத்திலிருந்து எடுத்த பற்றுமுனை. அதை அசைய விடும் வளைகணு. படலத்தை ஊடுருவும் சிறு தண்டு. உள்ளே, பற்றியாயிற்று என்ற செய்தியை அணுவுக்குச் சொல்லும் இரண்டு வால்கள். ஒரு வால் எழுப்பும். மற்றொன்று சோர்ந்துவிடாமல் தாங்கும். இயற்கையில் வெவ்வேறு புரதங்களில் இருந்த துண்டுகளை ஒரே தொடராகக் கோத்திருக்கிறார்கள்.

இந்தக் கோப்பில் இந்தியக் கைகளும் வேலை செய்திருக்கின்றன என்பதில் எனக்குத் தனிப் பெருமிதம். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. அதன் பற்றுமுனை எலியின் எதிர்ப்புரதத்திலிருந்து வந்தது. மனித உடல் அதை அந்நியமாக நினைக்காதபடி மனிதச் சாயலுக்கு மெருகேற்றியிருக்கிறார்கள். வெளிநாட்டு விலையில் சுமார் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்க வேண்டும் என்ற பிடிவாதமும் அந்த மெருகின் ஒரு பகுதிதான். நமக்கு வடகிழக்கே வேலூர் சி.எம்.சி.யில் இன்னொரு நேர்த்தி. நோயாளியின் அணுக்களைத் தொலைதூர ஆலைக்கு அனுப்பாமல், மருத்துவமனைக்குள்ளேயே, மூடிய தானியங்கிக் கருவியில் ஏறத்தாழ ஒன்பது நாளில் தயாரித்து அங்கேயே ஏற்றுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த அந்தப் பரிசோதனைக்கு வேலூரின் பெயரையே சேர்த்து 'வெல்கார்ட்' என்று வைத்திருக்கிறார்கள்.

இவை இரண்டும் இரத்தப் புற்றுகளுக்கானவை. இரத்தப் புற்றுக்குப் பழைய மருந்து தந்த செடி ஒன்றும் நம் பக்கத்தில் உண்டு. சேலம் பக்கம் சாலையோரங்களில் நித்தியகல்யாணி யாரும் நீர் ஊற்றாமலே வெளிர்சிவப்பாகப் பூத்துக் கிடக்கும். அதன் இலையிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது; ஏற்காட்டு ஆர்க்கிட் தோட்டத்துக்கும் அதே வயது. இரத்தப் புற்று வந்த எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்த இலை அது. அந்த மருந்துகளுக்கும் மசியாத புற்றை நோக்கித்தான் கொக்கி மாட்டிய டி செல்கள் போகின்றன. இரத்தத்தில் அவற்றுக்கு வழி சுலபம். புற்றணுவும் மிதக்கிறது, டி செல்லும் மிதக்கிறது. சந்திப்பு தானாகவே வாய்க்கிறது. குடலிலோ மூளையிலோ திரண்ட கெட்டிக் கட்டி என்றால் கதை வேறு. உள்ளே நுழைய வேண்டும், மூச்சு முட்டும் நடுப்பகுதியைத் தாங்க வேண்டும், ஒரே கட்டிக்குள் அடையாளம் மாறி மாறி ஒளிந்துகொள்ளும் அணுக்களைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே தடுக்கி நிற்கிறது என்று உடலுக்குள் எட்டிப்பார்க்க வழியில்லை. உருண்டையில் பார்க்கலாம். ஆர்கனாய்டின் அழகெல்லாம் கடைசியில் இந்த ஒன்றில்தான் வந்து குவிகிறது: மறைவில் நடக்கும் சந்திப்பை வெளிச்சத்தில் நடத்திக் காட்டுகிறது.

சந்திப்பை நடத்தும் விதத்திலும் ஆளுக்கொரு பாணி. 2018-இல் நெதர்லாந்துப் புற்றுநோய்க் கழகத்தில் எமில் வூஸ்டின் குழு, ஒரே நோயாளியின் கட்டியையும் இரத்தத்தின் டி செல்களையும் தட்டில் இரண்டு வாரம் சேர்த்து வாழவிட்டது. பழகப் பழகச் சில டி செல்கள் கட்டியை இனம்கண்டு தாக்கத் தொடங்கின. அதே நோயாளியின் நல்ல திசுவிலிருந்து வளர்த்த உருண்டையைப் பக்கத்தில் வைத்தபோது அதைத் தீண்டவில்லை. தாக்கியதைவிட அப்படித் தீண்டாமல் விலகிப்போனதில்தான் எனக்குக் கண் நிற்கிறது. ஒரே உடலில் பிறந்த இரண்டு உருண்டைகள்; ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைத் தொடுகிற தெளிவு அந்தச் சின்ன அணுவுக்கு எங்கிருந்து வந்தது!

அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் கால்வின் குவோவின் குழு வேறு வழியில் போனது. கட்டியை அணு அணுவாகப் பிரிக்காமல், பொடியாக நறுக்கி, கொலாஜன் கூழில் புதைத்து, அடிப்பக்கம் ஊட்டநீரும் மேல்பக்கம் திறந்த காற்றும் படும்படி வைத்தார்கள். காற்றுக்குப் பக்கத்தில் இருந்ததால் பிராணவாயுவுக்குப் பஞ்சமில்லை. கட்டிக்குள் ஏற்கெனவே குடியேறியிருந்த எதிர்ப்பு அணுக்களும் கூடவே பிழைத்தன. வெளியிலிருந்து யாரையும் அழைத்துவர வேண்டியதில்லை. வீட்டோடு எடுத்து வந்துவிட்டார்கள்.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். உட்ரெக்டின் பிரின்சஸ் மாக்சிமா மையத்தில் ஆன் ரியோஸின் குழு, மார்பகப் புற்று உருண்டைகளோடு மாற்றியமைத்த டி செல்களை விட்டு, முப்பரிமாணத்தில் மணிக்கணக்காகப் படம் பிடித்தது. 2022-இல் வெளியான அந்த ஆய்வில் அவர்கள் தனித்தனியாகப் பின்தொடர்ந்த டி செல்கள் 1,50,000-க்கும் மேல். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் நீர்த்துளிக்குள் உயிர்கள் நெளிவதைப் பார்த்த அதே டச்சு நாடு. பார்ப்பதில் அவர்களுக்கு அலுப்பே கிடையாது போலும்.

ரசிகமணி டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்தால் அதை விட்டு நகர மாட்டார் என்பார்கள். இந்த வகைப் படத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்த்தால் புள்ளிகள் ஓடுவதுதான் தெரியும். ஒரே ஒரு டி செல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஓய்ந்திருக்கும்போது அது வட்டம். நகரத் தொடங்கியதும் முன்பக்கம் அகன்று மெலிந்து அலைகிறது, பின்பக்கம் குறுகி வாலாக நீள்கிறது. முன்விளிம்பு எதையோ துழாவுகிறது. வால் அதன் பின்னால் ஒசிந்து வருகிறது. நிமிடத்துக்குப் பத்து மைக்ரான் அளவில்தான் இதன் நடை. தன் உடல் நீளத்தை ஒரு நிமிடத்தில் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நேராகப் போகாது. நாலடி போய் நிற்கும், திரும்பும், விட்ட இடத்துக்கே வரும். கண் இல்லாத உயிருக்குத் தொடுவதுதான் பார்ப்பது.

உருண்டையின் ஓரத்தைத் தொட்டதும் என்ன நடக்கிறது என்பது டி செல்லுக்கு டி செல் மாறுபடுகிறது. ரியோஸின் குழு அந்த நடத்தைகளை வகைவகையாகப் பிரித்து வைத்த பெயர்களில் ஆய்வுக்கூடத்தின் குறும்பு சொட்டுகிறது. சோம்பேறி என்று ஒன்று. மெதுவாக மேய்வது, விரைந்து மேய்வது என்று சில. உருண்டையைத் தொட்டுத் தொட்டு விலகுவதற்குக் கிச்சுகிச்சு மூட்டுவது என்று பெயர். பிறகு, பற்றிக்கொள்வது. கடைசியாக, விடாப்பிடியாகப் பற்றுவது. புற்றணுக்களை அதிகம் சாய்ப்பது இந்தக் கடைசி வகைதான். ஒரே குழாயில் ஒன்றாக வளர்த்தவை, ஒரே கொக்கி மாட்டியவை. ஆனாலும் இத்தனை சுபாவம்! அதோடு விடவில்லை. விடாப்பிடிக்காரர்களின் மரபணுச் செயல்பாட்டைப் படித்து, அவர்களின் கையெழுத்தைக் கண்டெடுத்தார்கள்; டி செல்லில் வேலை இன்னதென்று அதுவரை தெரியாத 27 மரபணுக்களும் அதில் இருந்தன. நடையைப் பார்த்து உள்ளத்தைப் படித்த கதை.

பற்றிய இடத்தை இன்னும் அருகில் போய்ப் பார்க்கலாம். டி செல் தன் வாலை உள்வாங்கிக்கொண்டு, தொட்ட முகத்தைத் தட்டையாக்கிப் புற்றணுவோடு ஒட்டவைக்கிறது. ஒட்டிய வட்டத்தில் புரதங்கள் நடு, ஓரம் என்று வளையம் வளையமாக ஒழுங்குபடுகின்றன. அணுவுக்குள் இருக்கும் நுண்குழல்களின் மையம் திரும்பி அந்த வட்டத்துக்கு நேர்எதிரே வந்து நிற்கிறது. அதைப் பின்தொடர்ந்து நஞ்சு நிறைந்த நுண்பைகள் வருகின்றன. பெர்ஃபோரின் புற்றணுவின் படலத்தில் துளையிடும். அந்தத் துளைவழி கிரான்சைம் உள்ளே போய், தன்னை முடித்துக்கொள்ளும் கட்டளையைப் புற்றணுவுக்குள் எழுப்பிவிடும். அப்படியானால் அதே நெருக்கத்தில் இருக்கும் டி செல்லின் படலத்தை ஏன் பெர்ஃபோரின் துளைக்கவில்லை? ஒட்டிய முகத்தில் டி செல் தன் கொழுப்பு மூலக்கூறுகளை மிக நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கிறது. பெர்ஃபோரினால் அங்கே ஊன்ற முடிவதில்லை. தப்பித்து ஊன்றியதையும் அங்குள்ள எதிர்மின் கொழுப்புகள் செயலிழக்க வைக்கின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் காட்டியபோது நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இத்தனை நெருக்கத்தில் இத்தனை பாதுகாப்பு!

பிறகு புற்றணு குமிழ் குமிழாகக் கொப்பளித்துச் சுருங்கும். டி செல் விலகும். மறுபடி முன்விளிம்பு அகலும், வால் நீளும், அடுத்த அணுவைத் துழாவப் போகும். பத்திரிகைகள் இதையெல்லாம் போர் என்றும் சிப்பாய் என்றும் எழுதி ஓய்ந்துவிட்டன. படத்தை மெதுவாகப் பார்த்தபின் எனக்கு அந்தச் சொற்கள் ஒட்டவில்லை. ஆவேசம் எங்கும் தெரியவில்லை. துழாவுதலும் தயக்கமும் நிதானமும்தான் தெரிகின்றன.

மூளைப் புற்றான கிளியோபிளாஸ்டோமாவுக்கு மேட்ரிஜெல்லே வேண்டாம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹோங்ஜுன் சாங், குவோ-லி மிங் குழு 2020-இல் காட்டியது. கட்டியை அரை முதல் ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஊட்டநீரில் போட்டு, ஓயாமல் மெல்லச் சுழலும் தட்டில் ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். ஓரிரு வாரத்தில் கோணல்மாணல் துண்டுகள் தாமே உருண்டு திரண்டன. ஆடுவதால் எந்தப் பக்கமும் ஊட்டம் சமமாகப் படுகிறது. பிரிக்காததால் பக்கத்து அணுக்களின் உறவு கலையவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் பின்னர் ஆறு நோயாளிகளுக்குக் கார்-டி செல்களை ஏற்றியபோது, அவரவர் கட்டியிலிருந்து வளர்த்த உருண்டைகளுக்கும் அவரவர்க்குத் தயாரித்த அதே அணுக்களைக் கொடுத்தார்கள். உள்ளே தலைக்குள் ஒரு சந்திப்பு, வெளியே தட்டில் அதன் இரட்டை. இரண்டிலும் கண்ட அறிகுறிகள் ஒத்துப்போயின.

உருண்டையிடம் இல்லாதவை உண்டு. பெரும்பாலானவற்றுக்கு ஓடுகிற இரத்தக்குழாய் இல்லை, நிணநீர்க் கணு இல்லை. நோயாளியின் காய்ச்சலையும் மயக்கத்தையும் அது காட்டாது. அதனால் அதன் மதிப்புக் குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. எது எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்து செய்த வார்ப்பு அது. மருந்துச் சோதனைகளில் விலங்குகளுக்கு மாற்றாக ஆர்கனாய்டு போன்றவற்றையும் பயன்படுத்தலாம் என்று இந்திய விதிகள் 2023-இல் திருத்தப்பட்டிருக்கின்றன. சட்டமொழியில் எழுதிய அந்தத் திருத்தத்தைக்கூட நான் ஆசையோடுதான் படித்தேன்.

ரியோஸ் குழுவின் ஆய்வில் கடைசியாக ஒன்று. சில உருண்டைகள் எந்த டி செல்லுக்கும் மசியவில்லை. அவற்றுக்கு முன்கூட்டியே இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்தைக் கொடுத்துப் பழக்கியபோது டி செல்களின் தாக்குதலுக்கு இணங்கின. இந்த வகைப் படம் எங்காவது உங்கள் கண்ணில் பட்டால், உருண்டை உடையும் இடத்துக்கு உடனே ஓட்டிப் போய்விடாதீர்கள். முதல் சில நிமிடங்களை அப்படியே ஓடவிடுங்கள். கிச்சுகிச்சு மூட்டும் அணுக்கள் அங்கேதான் இருக்கின்றன.